ஆத்துல என்றால் ஆறு: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கைதட்டும் கொட்டையும் விளையாட்டும் உதவும் என்று சென்ற இதழில் நான் எழுதியிருந்த சில வரிகளுக்குக் காவிரிப் படுகையின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்த மாதப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்கள் நீளமானவை, சுருக்கியது நான்.

என் மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். பாடப் புத்தகத்தில் விரலை வைத்து மடமடவென்று வாசிக்கிறான். அதே சொற்களைக் கடைப் பலகையில் காட்டினால் விழிக்கிறான். 'பந்து' என்று எழுதச் சொன்னால் 'பது' என்று எழுதுகிறான். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கத் தெரியும். எங்கே தவறு? — ஒரு தாய், மன்னார்குடி

தவறு என்பதைவிட, ஒரு படி விடுபட்டிருக்கிறது என்பதே பொருந்தும். உங்கள் மகன் பாடத்தை வாசிக்கவில்லை, அம்மா. மனப்பாடமாகச் சொல்கிறான், விரல் துணைக்கு நகர்கிறது. எழுத்துகளின் பெயரையும் வடிவத்தையும் அவன் அறிவான். ஆனால் தான் நாள் முழுவதும் பேசுகிற சொற்களுக்குள்தான் அந்த எழுத்துகள் ஒலியாக இருக்கின்றன என்பது இன்னும் அவன் காதுக்கு எட்டவில்லை. சிறு குழந்தைக்குப் 'பந்து' என்பது உதைத்தால் ஓடுகிற ஒரு பொருள். அது ஒரு சொல்லும்கூட, அந்தச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்கவும் முடியும் என்ற எண்ணமே அதற்குப் புதியது. பள்ளிக்குப் போகாத ஒரு குழந்தையிடம் 'ரயில், எறும்பு – இவற்றில் எது நீளமான சொல்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ரயில் என்றுதான் விடை வரும்.

சொல்லைப் பொருளிலிருந்து பிரித்து ஒலியாகக் கேட்கும் இந்தப் பழக்கத்தைக் கையால் தொடங்கலாம். நம் பக்கத்தில் தவில் கேட்காத தெரு கிடையாது. உங்கள் மகனை 'ததிங்கிணதொம்' என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டச் சொல்லுங்கள். த – திங் – கி – ண – தொம் என்று ஐந்து தட்டு விழும். பிறகு அதையே எழுதுங்கள்: த, தி, ங், கி, ண, தொ, ம். ஏழு எழுத்து. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே நிற்கும் இரண்டும் புள்ளி வைத்த எழுத்துகள். அவை தமக்கென்று ஒரு தட்டு வாங்காமல் முந்தைய எழுத்தின் தோளில் ஏறிக்கொண்டு போய்விடுகின்றன. உங்கள் மகன் 'பது' என்று எழுதியது இதனால்தான். பந் – து என்று இரண்டு தட்டு கேட்டது. இரண்டு எழுத்து எழுதினான். அவன் கணக்கில் பிழையில்லை. தோளில் ஏறிய எழுத்தைக் காது பிடிக்கவில்லை, அவ்வளவே. (தட்டு எண்ணிக்கையை யாப்பில் வரும் அசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'மரம்' என்பது யாப்பில் ஒரே நிரையசை; கை தட்டினால் இரண்டு.)

தட்டை எண்ணுவது எளிது, அதற்குள் இருக்கும் தனி ஒலிகளை எண்ணுவது கடினம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் உடனிருந்தவர்களும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் சொல்லின் தட்டுகளைச் சரியாக எண்ணினார்கள். தனி ஒலிகளை எண்ண ஒருவராலும் முடியவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகளிலோ 90 விழுக்காட்டினர் தட்டுகளையும், 70 விழுக்காட்டினர் தனி ஒலிகளையும் எண்ணினார்கள். அவர்கள் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். நம் எழுத்து முறைக்கு உறவான கன்னடத்தில் சோனாலி நாக் செய்து 2007-இல் வெளியான ஆய்வு, எழுத்துகள் முழுவதும் கைவரச் சில ஆண்டுகள் பிடிப்பதையும், தனி ஒலியைப் பிரித்தறியும் திறன் மெதுவாகவே வளர்வதையும் காட்டியது. 'கி' என்ற ஒரே எழுத்துக்குள் க் என்றும் இ என்றும் இரண்டு ஒலி ஒட்டியிருக்கும் மொழியில் இது வியப்பன்று. ஆகவே ஏழு வயதுப் பையனிடம் கோபம் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. பத்துப் புளியங்கொட்டையும் பத்து உளுந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்ல, அவன் அதை மெல்ல இழுத்துச் சொல்லியபடி ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புளியங்கொட்டையையும், நாக்கோ உதடோ ஒரு கணம் நின்று போகிற இடத்தில் ஓர் உளுந்தையும் வைக்க வேண்டும். எடு – எட்டு, புளி – புள்ளி, கடை – கட்டை என்று இணை இணையாகக் கொடுங்கள். அடுத்த வாரம் படம் – பாடம், பல் – பால், கொடு – கோடு என்று குறில் நெடிலுக்குப் போகலாம். சொல் நாளைக்கு ஆறு போதும். அவன் வைத்த கொட்டைகளுக்குக் கீழே எழுத்துகளை அவனையே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பள்ளியில் மெய்யெழுத்துகளை 'இக், இங், இச்' என்றுதான் சொல்லித் தருகிறோம். பெயராக இருக்கும்வரை அதில் குற்றமில்லை. எழுத்துக்கூட்டும்போதும் பிள்ளை 'ப, இந், து' என்று சொன்னால் எத்தனை முறை சேர்த்தாலும் பந்து வராது. 'பயிந்து' என்றுதான் வரும். மெய் தனியாக இயங்காது, அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. எனவே புள்ளி எழுத்தைத் தனியே நிறுத்தாமல் முந்தைய எழுத்தோடு சேர்த்து 'பந்', பிறகு 'து' என்று கூட்டப் பழக்குங்கள். நான் பார்த்தவரை பல பிள்ளைகளுக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வழி திறந்துவிடுகிறது.

நாங்கள் திண்ணைப் பள்ளிக்கூட மரபில் வந்தவர்கள். 'ஆனா, ஆவன்னா' என்று உரக்கச் சொல்லியே எழுத்தறிந்தோம். 247 எழுத்தும் மனப்பாடமானால் வாசிப்புத் தானே வரும். இப்போது கைதட்டு, கொட்டை, விளையாட்டு என்கிறீர்கள்! — ஒரு தாத்தா, திருவிடைமருதூர்

ஐயா, திண்ணைப் பள்ளிக்கூடத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் ஒலியைச் சொல்லும் அந்த முறையில் கை, கண், வாய், காது நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். அகர வரிசையில் அமைந்த ஆத்திசூடியும் சொல்லின் முதல் ஒலியைக் கவனிக்கச் செய்கிற நல்ல கருவிதான். ங-வில் தொடங்க வழக்குச் சொல் கிடைக்காமல் 'ஙப் போல் வளை' என்று எழுத்தின் வடிவத்தையே உவமையாக்கிய சாமர்த்தியத்தை இன்றும் ரசிக்கிறேன்.

ஆனால் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். திண்ணையில் தேறியவர்களே பிற்காலத்தில் நினைவுகளை எழுதினார்கள். எழுத்துப் பிடிபடாமல் மாடு மேய்க்கத் திரும்பியவர்களும், அந்தத் திண்ணையில் ஏறவே இடம் கிடைக்காதவர்களும் எதையும் எழுதி வைக்கவில்லை. இது ஒன்று. மற்றொன்று, 'ஆனா' என்பது எழுத்தின் பெயர்; அதன் ஒலி 'அ'. 'கானா, பானா, லானா' என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அவற்றிலிருந்து 'கபல'வரைதான் போகும். 'கப்பல்' என்ற சொல்லுக்கு வர அதற்குக் காது வேண்டும்.

247 என்ற எண்ணே பிள்ளைகளை மிரட்டுகிறது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், உயிர்மெய்க்குரிய சில குறிகள் – சுமை உண்மையில் இவ்வளவுதான். ஙகர வரிசையில் அன்றாடம் கண்ணில் படுவது 'ங்' மட்டுமே; அந்த வரிசை முழுவதையும் ஐந்து வயதில் எழுத வைப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனி வடிவங்களும் போய்ப் பொதுக் குறிகள் வந்துவிட்டன. மீதமிருக்கும் உண்மையான தொல்லைகள் இரண்டு. கு, டு, து, மு, ரு என்று உகர வரிசை எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. கொம்பு போடும் எழுத்துகளில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் நின்று நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். கெ, கே என்ற வேறுபாட்டைக் கொம்பில் காட்டும் இன்றைய முறையை வகுத்துக் கொடுத்த வீரமாமுனிவர் கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் என்பதையும் பேரனிடம் சொல்லலாம். ஊர்ப் பெருமை எழுத்தை மறக்க விடாது.

ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தில் கற்பிக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஓரளவு வாசிக்கிறார்கள். எழுதும்போதுதான் 'சோரு', 'வயிரு', 'பயிறு', 'குருவை' என்று வருகிறது. சின்ன ர, பெரிய ற என்று எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லை. விதி ஏதாவது உண்டா? — ஓர் ஆசிரியை, திருத்துறைப்பூண்டி வட்டம்

உண்டு. அது பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

'சின்ன ரவா, பெரிய றவா?' என்று பிள்ளை கேட்கிறது, 'பெரிய ற' என்று நாம் சொல்கிறோம். அந்த விடை அந்தச் சொல்லோடு முடிந்துபோகிறது. அடுத்த சொல்லுக்கு மறுபடியும் கேட்க வேண்டும். றகரத்தை அழுத்திச் சொல்லிப் பழக்குவதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. வகுப்பில் நாம் அழுத்திச் சொல்லும் அந்த ஒலி, பள்ளி வாசலைத் தாண்டினால் யார் பேச்சிலும் இல்லை. ரகர றகர வேறுபாடு நம் பேச்சில் காதுக்குக் கேட்காத அளவுக்கு மங்கிவிட்டது. ஆனால் அது செத்துப்போகவில்லை, ஐயமின்றி வேறோர் இடத்தில் உயிரோடிருக்கிறது.

பிள்ளைகளிடம் கேளுங்கள்: 'எங்கே குளிச்சே?' 'ஆத்துல.' 'எதுல ஈ விழுந்துச்சு?' 'சோத்துல.' 'கால் எதுல மாட்டுச்சு?' 'சேத்துல.' வயித்துல, கயித்துல, கிணத்துல, எல்லாவற்றிலும் 'த்து' வருகிறது. இப்போது ஊர், தேர், மோர், வேர் ஆகியவற்றைக் கேளுங்கள்: ஊருல, தேருல, மோருல, வேருல. ஒன்றிலும் 'த்து' இல்லை. காரணம் எளியது. எழுத்துத் தமிழில் ஆறு என்பது வேற்றுமை உருபு ஏற்கும்போது றகரம் இரட்டித்து 'ஆற்றில்' என்றாகிறது. அந்த 'ற்ற' பேச்சில் 'த்த' என்று மாறிவிடுகிறது. ரகரமோ தமிழில் ஒருபோதும் இரட்டிக்காது. ஆகவே 'ல' சேர்த்துச் சொல்லும்போது 'த்து' வந்தால் அந்தப் பெயர்ச்சொல்லில் இருப்பது ற, வராவிட்டால் ர. பயிரும் கயிறும் பேச்சில் ஒன்றுபோலவே முடிகின்றன; 'பயிருல', 'கயித்துல' என்று சொல்லிப் பார்த்தவுடன் பிரிந்துவிடுகின்றன. என் அனுபவத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிப்பது கள்ளன் – போலீஸ் விளையாட்டைப் போல இனிக்கிறது.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். எண்ணுப்பெயரான ஆறு 'ஆறுல' என்றே நிற்கும்; 'தவறு' என்பதும் பேச்சில் 'தவறுல' என்றே வரும். வினைச்சொற்களுக்கு இந்தச் சோதனையைக் கொண்டுபோகவே கூடாது. 'பாத்தான்', 'சேத்தான்' என்பவற்றில் ஒளிந்திருப்பது 'ர்த்த', பிள்ளை ஏமாந்துவிடும். விதிவிலக்கு நான்கைந்து இருக்கிறது என்பதற்காக நூறு சொல்லுக்குப் பயன்படும் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை.

'குருவை' என்பதற்கு மருந்து வேறு. அங்கே காது உதவாது. சொல்லின் குடும்பத்தைக் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் விவசாயக் குடும்பத்தினர். குறுவை சீக்கிரம் விளைகிற குறுகிய காலப் பயிர் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். குறுகிய, குறைந்த, குறுக்கு – இவையெல்லாம் ற என்றால் குறுவையும் ற. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பதையும் பள்ளி திறப்பதையும் ஒரே மூச்சில் பேசுகிற ஊர் நம்முடையது. அந்தப் பேச்சையே பாடமாக்கலாம். தாளடி என்பது அறுத்த தாளின் அடியில் நடுவது; ஆகவே ள. அறுவடை அறுப்பதிலிருந்து வந்தது, ஆகவே ற. கதிர் அறுப்பைச் சேர்த்துக் 'கதிரறுப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். ரகரமும் றகரமும் அடுத்தடுத்து நிற்கும் அந்தச் சொல்லைச் சரியாக எழுதிய பிள்ளை அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும். நாற்று, நாற்றங்கால், உழவு, உழவன், உழுதான், விளைநிலம், விளைச்சல், விளைந்தது என்று ஒரு வேர்ச்சொல்லுக்குக் கரும்பலகையில் ஒரு வீடு கட்டி, அதன் உறவினர்களைப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல உள்ளே குடியேற்றுங்கள். ல, ள, ழ மயக்கத்துக்கும் இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். 'பளம்' என்று பேசும் பிள்ளைகூட, பழுத்தது, பழுப்பு, பழம் மூன்றும் ஒரே வீடு என்று கண்டுகொண்டால் ஓர் எழுத்தைக் கற்று மூன்று சொல்லைச் சரியாக எழுதும்.

அங்கன்வாடிப் பணியாளர் நான். நான்கு வயதுப் பிள்ளைகளை இப்போதே எழுத வைக்க வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். எழுத்துக்கு முன் என்ன கற்றுத்தரலாம்? — சீர்காழி

பெற்றோரிடம் சொல்லுங்கள்: நீங்கள் எழுத்துக்கு அடித்தளம் போடுகிறீர்கள், பலகை பென்சில் இல்லாமல். இங்கிலாந்தில் பிராட்லியும் பிரையன்டும் செய்து 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் வாசிக்கத் தொடங்குமுன் ஒத்த ஒலியுள்ள சொற்களைப் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துப் பிழையின்மையிலும் முன்னே நின்றதைக் கண்டார்கள். அவர்கள் கையாண்ட சோதனை நமக்கு அந்நியமானதன்று. மோனையும் எதுகையும் நம் சொத்து. 'மாடு, மாமா, நண்டு, மாலை – கூட்டத்தில் சேராதது எது?' என்பது மோனை. 'பட்டு, தட்டு, கட்டு, பந்து' என்பது எதுகை.

எனக்குப் பிடித்தது பேருந்து விளையாட்டு. ஒரு பிள்ளை நடத்துநராக நின்று ஊர்ப் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் அத்தனை தடவை குதித்து ஏற வேண்டும். தஞ்-சா-வூர் மூன்று குதி, கும்-ப-கோ-ணம் நான்கு, ம-யி-லா-டு-து-றை ஆறு. உங்கள் ஊர் மூன்றுதான், பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். பிறகு சொல்லை உடைக்கும் விளையாட்டு: 'வாழைப்பழத்திலிருந்து வாழையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? மாட்டுவண்டியிலிருந்து வண்டியை அவிழ்த்துவிட்டால்?' விடுகதையும் தாலாட்டும் நடவுப் பாட்டும் நாள்தோறும் இருக்கட்டும்.

பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் போகும் காலத்தில் காதுப் பயிற்சியோடு எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், ஒலிப் பயிற்சியை எழுத்துகளைக் காட்டியபடி தருவதே கூடுதல் பலனளிப்பதாகக் கூறியது. எழுத்தே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் கைதட்டிக்கொண்டிருப்பதும் வீண்தான்.

மகள் ஆங்கிலவழிப் பள்ளியில் எழுத்துகளை ஒலியாகச் சொல்லிச் சேர்த்து வாசிக்கும் 'போனிக்ஸ்' முறையில் கற்கிறாள். தமிழில் க என்பது கல்லில் ஒரு விதமாகவும் பங்கில் ஒரு விதமாகவும் ஒலிப்பதைக் கேட்டுக் குழம்புகிறாள். இரண்டையும் ஒன்றாகக் கற்றால் கெடுதலா? — கும்பகோணம்

கெடுதல் இல்லை. சொல்லைப் பிரித்துக் கேட்கும் திறன் ஒரு மொழியில் வந்தால் அடுத்த மொழிக்கும் உதவும். எழுத்துக்குரிய விதிகள்தான் மொழிக்கு மொழி வேறு. தமிழில் க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக, மூக்கொலிக்குப் பின் கனமாக, இரண்டு உயிருக்கு நடுவே மென்மையாக. கல், பக்கம், பங்கு, அகல் என்று நான்கு சொல்லை மகளிடம் சொல்லச் சொல்லி, தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் பேசுகிறவள் ஆகையால் நாக்கு ஏற்கெனவே சரியாக மாற்றிக்கொள்கிறது. அவள் ஒரு புது எழுத்தும் கற்க வேண்டியதில்லை. 'பால்' என்று எழுதிக் கறப்பதையும் எறிவதையும் வேறுபடுத்துவது மட்டும் சூழலைப் பார்த்துத்தான் முடியும்.

பேரன் 'இஞ்ச இருக்கு', 'பஸ் வந்துட்டு' என்று நோட்டில் எழுதிவிட்டான். கொச்சை என்று பள்ளியில் கண்டித்தார்கள். வீட்டில் இனி ஏட்டுத் தமிழிலேயே பேச வேண்டுமா? — நாகப்பட்டினம்

வேண்டவே வேண்டாம். வீட்டில் புத்தகம்போலப் பேசினால் பேரன் சிரிப்பான், அல்லது பேச்சையே குறைத்துக்கொள்வான். அவன் எழுதியது கொச்சையன்று, நம் மாவட்டத்துப் பேச்சு. காதால் கேட்டதை அப்படியே எழுத்தாக்கும் திறமை அவனுக்கு வந்துவிட்டது என்பதற்கு அது சான்று. பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இரண்டு தமிழ் உள்ள இந்நிலையை இரட்டை வழக்கு என்கிறோம். சார்லஸ் பெர்கூசன் என்ற மொழியியலாளர் 1959-இல் இதை விரிவாக விளக்கினார். பிள்ளைக்கு வேண்டியது இரண்டாவது தமிழையும் காதால் கேட்கும் வாய்ப்பு. நாள்தோறும் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தை எழுதியபடியே உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிறகு 'இஞ்ச என்பதைப் புத்தகம் எப்படிச் சொல்லும்?' 'இங்கே.' 'வந்துட்டு?' 'வந்துவிட்டது.' அவனும் உங்களைத் திருப்பிக் கேட்கட்டும்.

பேத்தி மூன்றாம் வகுப்பு. கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வாள். கணக்கை வாயால் போடுவாள். எழுத்து மட்டும் இன்று தெரிந்தது நாளை மறந்துபோகிறது. 'மக்கு' என்கிறார்கள். — ஒரு பாட்டி, பட்டுக்கோட்டை

முதலில் அந்தச் சொல் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், அம்மா. அடுத்துக் காதையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு மெல்லொலிகள் சரியாகக் கேட்பதில்லை. அவை நலமாக இருந்து, முறையாகக் கற்பித்தும் மூன்றாம் வகுப்பில் எளிய சொல் கூட வாசிக்க வரவில்லை என்றால், டிஸ்லெக்சியா என்று சொல்லப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று பெற்றால் தேர்வுகளில் சலுகைகள் உண்டு. பள்ளியின் வழியாக வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரை அணுகுங்கள். கற்பிக்கும் முறை மேலே மன்னார்குடி அம்மாவுக்குச் சொன்னதுதான். இன்னும் சிறிய படிகளாக, இன்னும் பல முறை, அவசரமில்லாமல்.

வாரம் 20 சொற்கள் 'சொல்வது எழுதுதல்' வைக்கிறார்கள். தவறினால் ஒவ்வொன்றையும் பத்து முறை இம்போசிஷன். மகன் அழுதுகொண்டே எழுதுகிறான். அடுத்த வாரம் அதே பிழை. — ஒரத்தநாடு

பத்து முறை எழுதும்போது மூன்றாவது முறைக்குமேல் கை மட்டுமே எழுதுகிறது. 'முயற்ச்சி' என்று தவறாகவே பத்து முறை எழுதி வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

பிழைகளை எண்ணுவதற்குப் பதிலாக இனம் பிரியுங்கள். மகனின் நோட்டில் உள்ள 20 பிழைகளும் 20 காரணத்தால் வந்திரா. மூன்று நான்கு காரணங்களே இருக்கும். 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'கேட்க்க' மூன்றும் ஒரே பிழை: ட், ற் ஆகியவற்றுக்குப் பின் இன்னொரு ஒற்று வராது. அதைத் தெரிந்துகொண்டால் கற்க, வெட்கம், ஏற்பாடு எல்லாம் சேர்ந்தே திருந்தும். மூக்கொலியில் தடுமாறினால் இனவெழுத்தைக் காட்டுங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன் என்பது தெரிந்தால் 'வன்டி' வராது, 'கண்று' வராது. அன்பு, நண்பன் போன்ற சில சொற்கள் இந்தச் சோடிக்குள் அடங்கா. அவற்றைத் தனியே படிக்கட்டும். ந, ன குழப்பத்துக்கு இன்னும் எளிய விடை: தமிழ்ச் சொல்லின் முதலில் ன வராது, தகரத்துக்கு முன்னும் வராது; அந்த இரண்டு இடமும் ந-வுக்குரியவை.

ஆசிரியரைச் சந்தித்து, 20 சொற்களையும் ஒரே வகையில் அமையுமாறு தர இயலுமா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். வீட்டில் நீங்கள் திருத்தும்போது, இந்த வாரம் 'ற்ச்' மட்டும் என்று முடிவு செய்தால் அதை மட்டுமே திருத்துங்கள். பக்கத்தில் இருக்கிற மற்றப் பிழைகளின்மேல் சிவப்பு மை படவேண்டாம். அவை அடுத்த வாரத்துக்கு.